மணிமங்கலப் போரின் நினைவு: செப்பேடு முதல் புதினம் வரை

ஆய்வுச் சுருக்கம்

பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை மணிமங்கலத்தில் வென்ற செய்தி இன்று பாடநூல்களிலும் புதினத்திலும் நிலைபெற்றுள்ளது. இப்போரை ஊர்ப்பெயரோடு சுட்டும் சான்றுகளாக ஆய்வுலகம் எடுத்தாள்பவை முதன்மையாக இரண்டு வடமொழிச் செப்பேட்டுத் தொடர்களே. வாதாபி வெற்றி தமிழில் நிலைக்க, மணிமங்கல வெற்றி வடமொழியோடு நின்றுவிட்டதன் காரணத்தையும், அது மீண்டும் நினைவுக்கு வந்த வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பிராங்கியரும் அரபியரும் 732இல் மோதிய புவாத்தியேப் போரின் நினைவு வரலாறு ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மணிமங்கலம், கூரம் செப்பேடு, வாதாபி, மெய்க்கீர்த்தி, போர் நினைவு, புவாத்தியே.

முன்னுரை

கூடுவாஞ்சேரிக்கு வடக்கே, நேர்த்தொலைவில் பத்துக் கிலோமீட்டருக்குள் அமைந்த ஊர் மணிமங்கலம். அடையாற்றுக்கு நீர் சேர்க்கும் ஏரிகளுள் இவ்வூர் ஏரியும் ஒன்று. இங்குள்ள இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. பல்லவர் வரலாறு பயில்வோர்க்கு இவ்வூர் அக்கல்வெட்டுகளுக்கு முன்பே வேறொரு காரணத்தால் அறிமுகமானது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் தக்காணத்தின் வலிமைமிக்க படை காஞ்சியை நோக்கி வந்து முறியடிக்கப்பட்ட களங்களுள் ஒன்று இது.

போர் நடந்தது என்பதில் ஐயமில்லை. அது எவ்வாறு நினைக்கப்பட்டது, யாரால் நினைக்கப்பட்டது, எம்மொழியில் நினைக்கப்பட்டது என்னும் வினாக்களே இங்கு எழுகின்றன. இவ்வினாக்கள் எளியவையாகத் தோன்றினும், பல்லவர் வரலாற்றை எழுதும் முறையை இவை தொடுகின்றன. மணிமங்கலப் போரைப் பற்றி இன்று பரவலாகக் கூறப்படும் செய்திகளுள் பெரும்பகுதி ஏழாம் நூற்றாண்டிலிருந்து வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டில் உருவானது. எது சான்று, எது பின்வந்தோர் நிரப்பிய இடைவெளி என்று பிரித்தறியாவிடில் களம் ஒன்று, கதை ஒன்று என்றாகிவிடும்.

செப்பேடுகள் கூறுவன

முதற் சான்று கூரம் செப்பேடு. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் எழுப்பப்பட்ட சிவன் கோயிலுக்கு முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கொடையைப் பதிவு செய்வது இது. பரமேசுவரவர்மன் நரசிம்மவர்மனின் பேரன். எனவே போருக்கும் இச்செப்பேட்டிற்கும் இடையே உள்ள தொலைவு இரு தலைமுறை மட்டுமே. களத்தில் நின்ற வீரருள் சிலர் முதுமையில் வாழ்ந்திருந்த காலம் எனவும் கொள்ளலாம். இதன் வடமொழிப் பகுதியில், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலான போர்களில் புலிகேசி புறங்காட்டியதும், அம்முதுகையே ஏடாகக் கொண்டு நரசிம்மவர்மன் அதில் வெற்றி என்னும் சொல்லை எழுதியதும் உருவகமாகக் கூறப்படுகின்றன. செப்பேடு எழுதிய புலவர் ஏட்டையும் எழுத்தையுமே உவமைக்குத் தேர்ந்தமை கவனிக்கத்தக்கது. எழுத்துத் தொழிலர் தம் தொழிலைக் களத்திற்குள் கொண்டு சென்றிருக்கிறார்.

இரண்டாவது சான்று இரண்டாம் நந்திவர்மனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உதயேந்திரம் செப்பேடு. எழுத்தமைதியைக் கொண்டு இன்றுள்ளது மூலத்தின் பிற்காலப் படி என்று கருதப்படுகிறது. இதுவும் அதே மூன்று ஊர்களை அதே வரிசையில் கூறி, அங்கெல்லாம் வல்லபராசனைப் பலமுறை வென்றவன் எனவும், அகத்தியரைப் போல வாதாபியை அழித்தவன் எனவும் நரசிம்மவர்மனைப் போற்றுகிறது. இரு செப்பேடுகளும் ‘முதலான’ என்று பொருள்படும் சொல்லோடு பட்டியலை முடிக்கின்றன. வேறு களங்களும் இருந்தன என்பது இதனால் புலனாகிறது. மூன்று பெயர்களும் நின்ற வரிசை போர்களின் கால வரிசையா, பட்டியல் மரபு வகுத்த வரிசையா என்பதைச் செப்பேடுகளிலிருந்து முடிவு செய்ய இயலாது. படை முன்னேறிய வழியாகவோ பின்வாங்கிய வழியாகவோ இதனை வரைபடமாக்கும் முயற்சிகள் இவ்வரம்பை மறந்தவை.

இரு செப்பேடுகளின் நோக்கமும் வேறு. கூரம் செப்பேடு பரமேசுவரமங்கலம் என்னும் ஊரைக் கோயிலுக்கு அளிப்பது. பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு வாய்க்காலையும் பரமேசுவர தடாகத்தையும் பேசுவது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஏற்பாடு செய்வது. உதயேந்திரம் செப்பேடு, நந்திபுரத்தில் முற்றுகையிடப்பட்ட நந்திவர்மனை மீட்ட படைத்தலைவன் உதயசந்திரனின் வேண்டுகோளால் எழுந்தது; அவன் வென்ற களங்களை அது விரிவாக அடுக்குகிறது. நந்திவர்மன் நரசிம்மவர்மனின் நேர்வழியில் வந்தவனல்லன். சிம்மவிட்டுணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்து அரியணை ஏறியவன். நேர்வழியில் வாராத மன்னனுக்கு முன்னோர் வெற்றியைத் தன் குலச்சொத்தாக எடுத்துரைக்க வேண்டிய தேவை மிகுதி. மணிமங்கலம் அங்கு நினைக்கப்படுவது களத்தின் பொருட்டன்று, உரிமையின் பொருட்டு.

மேலும் ஒன்று சுட்டத்தக்கது. கூரம் செப்பேட்டில் புகழுரை வடமொழியிலும், நிலம், நீர், மனை, கடமை பற்றிய நடைமுறைப் பகுதி தமிழிலும் உள்ளன. போர் வடமொழிப் பகுதியோடு நின்றுவிட்டது. ஊரார் கேட்டறிந்து செயற்பட வேண்டிய தமிழ்ப் பகுதியில் எல்லையும் வாய்க்காலும் உண்டு, புலிகேசி இல்லை. இம்மொழிப் பாகுபாடே மணிமங்கலத்தின் பிற்கால நிலையைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

காலமும் களமும்

மணிமங்கலப் போர் 642இல் நடந்தது என்று பல நூல்கள் எழுதுகின்றன. இவ்வாண்டு வந்த வழியை அறிதல் நன்று. வாதாபியில் ஒரு பாறையில் சிதைந்த நிலையில் உள்ள கல்வெட்டு மாமல்லனின் பெயரையும் 13ஆம் ஆட்சியாண்டையும் காட்டுகிறது. நரசிம்மவர்மன் ஏறத்தாழ 630இல் பட்டமேறினான் என்று கொண்டால் அவன் வாதாபியில் இருந்த காலம் 642 அல்லது 643 ஆகும். அது வாதாபி கைப்பற்றப்பட்ட காலக் குறிப்பு; மணிமங்கலத்திற்கு உரியதன்று. பகைவன் காஞ்சிப் புறத்தில் முறியடிக்கப்பட்ட பின்னரே பல்லவப் படை வடக்கே சென்றிருக்க வேண்டும் ஆதலின், மணிமங்கலம் அதற்கு முற்பட்டது என்பது மட்டுமே உய்த்துணரத்தக்கது. எத்துணைக் காலம் முற்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. முன்னெல்லையைச் சளுக்கியரின் ஐகொளெக் கல்வெட்டு தருகிறது. 634–35இல் இரவிகீர்த்தி பாடிய அக்கல்வெட்டு, புலிகேசியின் படை எழுப்பிய தூசியில் பல்லவர் தலைவன் காஞ்சி மதிலுக்குள் மறைந்ததைக் கூறும். தோல்வி எதனையும் கூறாது. அதனை மகேந்திரவர்மன் காலப் படையெடுப்பாகக் கொள்வது வழக்கு. காசாக்குடிச் செப்பேடோ மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது. ஒரே போரை இரு தரப்பும் வெற்றியாகக் கூறினரா, இவை இரு வேறு நிகழ்ச்சிகளா என்பது பழைய விவாதம்; இங்கு அதனை விரிக்க வேண்டுவதில்லை.

களத்தின் இருப்பிடமும் சிந்திக்கத்தக்கது. மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வடமேற்கிலிருந்து வந்த பகைவன் தலைநகருக்குக் கிழக்கே போரிட்டான் என்றால், அவன் படை காஞ்சியைக் கடந்தோ சுற்றியோ கடற்கரைப் பக்கம் வரை ஊடுருவியிருக்க வேண்டும். மாமல்லபுரத் துறைமுகமும் பாலாற்றுக் கழிமுகமும் அவன் எட்டும் தொலைவில் இருந்தன. செப்பேடுகள் அமைதியாகக் கடந்து செல்லும் ஆபத்தின் அளவை ஊர்ப்பெயர் ஒன்றே உணர்த்துகிறது. ஏறத்தாழ 640இல் காஞ்சிக்கு வந்ததாகக் கருதப்படும் சீனப் பயணி யுவான் சுவாங்கின் குறிப்பிலோ அந்நகரின் விகாரைகளும் துறவியரும் இடம்பெற, இவ்வாபத்தின் சுவடு காணப்படவில்லை.

இவ்விரு மன்னருக்கும் வெளியே நின்ற ஒரு சான்று இலங்கையிலிருந்து கிடைக்கிறது. நாடிழந்து நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்த சிங்கள இளவரசன் மானவர்மன், வல்லபனுக்கு எதிரான போரில் அவனோடு நின்று போரிட்டதைச் சூளவம்சம் கூறுகிறது. இளவரசனின் உயிருக்கு அஞ்சி அவனை விட்டுவிட்டுத் தனியே போருக்குப் புறப்பட்ட மன்னனைப் பின்தொடர்ந்து சென்று அவன் துணைநின்றான் என்பது கதை. யானைமீதிருந்த மன்னன் தான் குடித்து எஞ்சிய இளநீரை அவனிடம் கொடுக்க, மானவர்மன் மறுக்காமல் குடித்ததும், மன்னன் அந்த எச்சிலைத் தானும் குடித்து அவனைத் தன்னோடு ஒப்பவைத்ததும் அந்நூல் தரும் செய்திகள். நூல் பல நூற்றாண்டு பிற்பட்டது. களத்தின் பெயர் அதில் இல்லை. எனினும் செப்பேடுகள் தராத மனிதச் சாயல் அதில் உண்டு.

தோற்றவர் நினைவு

தோல்வியை எழுதும் மரபு பழங்கால அரசவைகளில் இல்லை. ஆயினும் தோல்வி எழுத்தில் தடம் விடாமற்போவதில்லை. வாதாபி வீழ்ந்தபின் சளுக்கிய அரசு ஏறத்தாழ 12 ஆண்டு குலைந்து கிடந்தது. 654–55இல் அதனை மீட்ட முதலாம் விக்கிரமாதித்தன் வழியினர், தந்தையின் அரசச்செல்வம் மூவேந்தரால் தடைப்பட்டிருந்ததாகவும், நின்றுபோன தேவதானங்களும் பிரமதேயங்களும் மீண்டும் நிலைநாட்டப்பட்டதாகவும் எழுதினர். யார் வென்றார், எங்கு வென்றார் என்பது அங்கில்லை. தடைப்பட்டது என்ற செயப்பாட்டுவினை ஒன்றே மணிமங்கலத்தையும் வாதாபியையும் மூடி மறைக்கிறது. புலிகேசி போரில் மாண்டான் என்று இன்று உறுதியாக எழுதுவோர் உளர். பல்லவர் செப்பேடுகள் அவன் புறங்காட்டியதைக் கூறுகின்றனவேயன்றி அவன் இறப்பைக் கூறவில்லை.

674ஆம் ஆண்டின் கத்வால் செப்பேடு, நரசிம்மன், மகேந்திரன், ஈசுவரன் என மூன்று தலைமுறைப் பல்லவரையும் வென்றதாக விக்கிரமாதித்தனைப் போற்றுகிறது. அதனை வெளியிட்டபோது அவன் காவிரித் தென்கரையில் உறையூரில் பாடியிட்டிருந்தான். கூரம் செப்பேடோ அவன் கந்தலுடுத்தித் தனியே ஓடியதைக் கூறுகிறது. இந்நிலையில் மணிமங்கலத்தைப் பரமேசுவரவர்மன் அவைப்புலவர் நினைவுகூர்ந்தமை வெறும் குலப்பெருமை அன்று. பாட்டன் புலிகேசியின் முதுகைக் கண்டான், பேரன் புலிகேசி மகனின் முதுகைக் கண்டான் என்னும் இணைப்பிற்கு அது வேண்டியிருந்தது. பழம்போரை நினைவூட்டியது புதுப்போரே.

தமிழில் நின்றது வாதாபி

தமிழ்ச் சான்றுகளுக்கு வருவோம். செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தில் முதலாம் ஆதித்தனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கந்தசிட்டன் என்னும் மன்னன் முன்பு கோயிலுக்கு விட்ட நிலத்தை வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அவ்வாறே காத்தார் என்றும், சோழ மன்னனும் அதனைத் தொடர்ந்தான் என்றும் அது கூறுகிறது. பல்லவ ஆட்சி இப்பகுதியில் முடிந்துவிட்ட காலத்தில், போருக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் பிற்பட்டு, செங்கற்பட்டுப் பகுதியின் தமிழ்க் கல்வெட்டு நரசிம்மவர்மனை அடையாளங்காட்ட வாதாபியைக் கொள்கிறது. மணிமங்கலம் அவ்வூருக்கு எத்துணையோ அண்மையது; வாதாபியோ மலைநாடு கடந்தது. ஆயினும் அடைமொழியானது தொலைவிலுள்ள ஊரே.

சேக்கிழாரிடத்தும் இதுவே நிலை. மணிமங்கலத்திற்கு வடகிழக்கே உள்ள குன்றத்தூரில் பிறந்தவர் அவர். சிறுத்தொண்டர் புராணத்தில் பரஞ்சோதியார் மன்னவனுக்காக வாதாபியை அழித்துப் பொருளும் யானையும் குதிரையும் கொணர்ந்ததைப் பாடுகிறார். மன்னனின் பெயரை அவர் கூறவில்லை. பகைவனின் பெயரையும் கூறவில்லை. தம் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் நடந்த போரைப் பற்றியும் அங்குக் குறிப்பில்லை. பெயரற்ற அம்மன்னனை நரசிம்மவர்மனாகக் காண்பது பிற்கால ஆய்வின் முடிபு. சம்பந்தர் காலத்தைக் கணிப்பதற்கு அது அடிப்படையாயிற்று. வாதாபியிலிருந்து பரஞ்சோதியார் பிள்ளையார் திருமேனியைக் கொணர்ந்தார் என்னும் செவிவழிச் செய்தியும் பெரியபுராணத்தில் இல்லாததே. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைக்குப் பின் அச்செய்தி பெற்ற பரப்பு பெரிது.

மணிமங்கலம் தமிழில் அடைமொழி பெறாததற்கு, அது தன் மண்ணில் நடந்த தற்காப்புப் போர் என்பதே காரணம் என்று கூறத் தோன்றும். அவ்விளக்கம் நிலைக்காது. தெள்ளாறும் பல்லவர் மண்ணில் நடந்த போரே. அங்கு வென்ற மூன்றாம் நந்திவர்மனைத் தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்றே தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன, நந்திக்கலம்பகமும் அவ்வெற்றியைப் போற்றுகிறது. வேறுபாடு காலத்தில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் கோயில்தோறும் தமிழ்க் கல்வெட்டு பெருகியது. மன்னன் பெயருக்கு முன் வென்ற களத்தை ஒட்டி எழுதும் வழக்கு நிலைபெற்றது. ஏழாம் நூற்றாண்டிலோ மன்னரின் புகழ் வடமொழியில் எழுதப்பட்டது. தமிழ்க் கல்லெழுத்து பெரும்பாலும் செங்கம் பகுதி நடுகற்களைப் போன்று ஆநிரைப் பூசலில் பட்ட தனிவீரரைப் பற்றியதாக இருந்தது. மன்னர் போரைத் தமிழில் பதியும் வடிவம் பிறப்பதற்கு முன்பே மணிமங்கலம் நடந்து முடிந்துவிட்டது. வாதாபி மட்டும் எவ்வாறு தப்பியது என்றால், அழிந்த தலைநகரின் பெயர் ஒரு பட்டத்திற்கு ஏற்றதாக இருந்தது. அகத்தியர் செரித்த அசுரனின் பெயரும் அதுவே ஆதலின் கதையும் கைகொடுத்தது. மூன்று சிற்றூர்ப் பெயர்களுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

புவாத்தியே: ஓர் ஒப்பு

மேலை நாட்டில் இதற்கு ஒப்பாகக் காட்டத்தக்கது, 732 அக்டோபரில் தூர், புவாத்தியே நகரங்களுக்கு இடையே சார்லசு தலைமையிலான பிராங்கியருக்கும் அப்துர் ரகுமான் அல் காபிகீ தலைமையிலான அரபுப் படைக்கும் நடந்த போர். அதன் சான்றும் மிகச் சிறிது. போருக்கு 22 ஆண்டுகளுக்குப் பின், அரபியர் ஆட்சியில் வாழ்ந்த ஐபீரியக் கிறித்தவர் ஒருவர் இலத்தீனில் எழுதிய 754ஆம் ஆண்டு வரலாறே அதனைச் சற்று விரிவாகக் கூறுகிறது. வடபுலத்தார் உறைந்த சுவர் போல் நின்றதையும், இரவில் அரபியர் கூடாரங்களை விட்டகன்றதையும், காலையில் வெற்றுப் பாசறையைக் கண்டு பிராங்கியர் திகைத்ததையும் அதில் காணலாம். அந்நூல் வென்றோரை ஐரோப்பியர் என்னும் பொருளுடைய சொல்லால் சுட்டியமை பின்னாளில் பெரிதும் பேசப்பட்டது. அரபு வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் அக்கம் தலைவர் தம் தோழரோடு வீரமரணமுற்றதைச் சில சொற்களில் முடிக்கிறார். அம்மரபில் களத்திற்கு ‘தியாகியர் பாதை’ என்று பொருள்படும் பெயர் நின்றது. சம்மட்டி என்று பொருள்தரும் மார்த்தெல் என்ற பட்டம் சார்லசுக்கு ஒட்டியது ஒன்பதாம் நூற்றாண்டில். 1788இல் கிப்பன், அப்போர் வேறாக முடிந்திருப்பின் ஆக்சுபோர்டில் குர்ஆன் பாடஞ்சொல்லப்பட்டிருக்கும் என்று எழுதியபின் அது இரு உலகங்களின் மோதலாயிற்று. போருக்குப் பின்னும் 759 வரை நார்பொன் நகரம் அரபியர் கையில் இருந்தது என்பதை அந்நினைவு பொருட்படுத்துவதில்லை. போர் நடந்த ஆண்டு 732 அன்று, 733 என்போரும் உளர், இடமும் ஐயத்திற்குரியது.

இவ்வொப்பீட்டிற்கு எதிர்பாராத பாலம் ஒன்றும் உண்டு. புவாத்தியேக்குப் பின் ஏழு ஆண்டுகளுக்குள், 739ஆம் ஆண்டின் நவசாரிச் செப்பேடு, தாசிகர் எனப்பட்ட அரபுப் படையைச் சளுக்கியக் கிளையைச் சேர்ந்த அவனிசனாசிரய புலிகேசி முறியடித்ததைக் கூறுகிறது. சிந்து, கச்சு, சௌராட்டிரம் முதலிய நாடுகளை வென்று தக்காணத்தில் நுழைய முனைந்த படை அது என்கிறது அச்செப்பேடு. தென்னாட்டின் தூண், திரும்பாதவரைத் திருப்பியவன் முதலான நான்கு பட்டங்களை அவனுக்கு அளித்த மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். காஞ்சியைக் கைப்பற்றியும் கயிலாசநாதர் கோயிற் செல்வத்தைக் கவராமல் திருப்பியளித்து, அச்செய்தியைக் கன்னடத்தில் அக்கோயிலிலேயே பொறித்தவனும் அவனே. வாதாபி வீழ்ந்து ஒரு நூற்றாண்டு கழிந்து சளுக்கியர் தம் கணக்கைத் தீர்த்துக்கொண்ட விதம் அது. அவன் அரசி லோகமாதேவி அவ்வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் கோயிலும் எடுப்பித்தாள். நவசாரிப் போரைச் சமயப்போராகச் செப்பேடு காட்டவில்லை. நாட்டைக் காத்தமைக்குப் பட்டம் பெற்ற சிற்றரசனின் பெருமையாகவே காட்டுகிறது, கூரம் செப்பேட்டைப் போன்றே ஒரு கொடையின் முகப்பாக.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. புவாத்தியேயின் நினைவு அறுபடாமல் நூல்வழி வளர்ந்தது. மடங்களின் வரலாற்றேடுகள் அதனைக் கைமாற்றின. மணிமங்கலத்தின் நினைவு நிலத்துள் புதைந்த செப்பேட்டோடு புதைந்து, 19ஆம் நூற்றாண்டில் அதனோடு வெளிவந்தது. இடையில் ஆயிரம் ஆண்டு மறதி.

ஊர்ச் சுவரில் வேறு போர்

அம்மறதியின் நடுவே மணிமங்கலம் போர்களைப் பற்றி எழுத்தின்றி இருக்கவில்லை. இராசகோபாலப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகளில் முதலாம் இராசாதிராசனின் 29ஆம் ஆட்சியாண்டு மெய்க்கீர்த்தி உள்ளது. சளுக்கியரின் கம்பிலி மாளிகை எரியூட்டப்பட்டது அதில் இடம்பெறுகிறது. இரண்டாம் இராசேந்திரனின் கல்வெட்டு கொப்பத்துப் போரைப் பேசுகிறது. வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆண்டுக் கல்வெட்டு, கூடல்சங்கமத்து வெற்றியையும், மீண்டும் போருக்கு நாள் குறித்த ஆகவமல்லன் வாராமையால் சோழன் ஒரு திங்கள் காத்திருந்ததையும், துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நாட்டியதையும் விரிவாகக் கூறுகிறது. நெடிய, அழகிய தமிழில் இவை அமைந்துள்ளன.

தன் வயலில் சளுக்கியர் முறியடிக்கப்பட்டதை அறியாத ஊர், நூற்றுக்கணக்கான கல் தொலைவில் துங்கபத்திரைக் கரையில் சளுக்கியர் தோற்றதைத் தன் கோயிற் சுவரில் தாங்கி நிற்கிறது. இதனை வெறும் முரணாகக் கண்டு வியந்து நிற்பது போதாது. கொப்பமும் கூடல்சங்கமமும் அங்கு வந்தது ஊரார் விருப்பால் அன்று. சபையாரின் நிலவிற்பனையையும் கொடையையும் பதிய வேண்டின் நடப்பு மன்னனின் மெய்க்கீர்த்தி முன்னிற்க வேண்டும் என்னும் ஆவண மரபால். கூரத்தில் மணிமங்கலம் எழுதப்பட்டதும் இம்மரபாலேயே. ஆக, போர் நினைவு களத்தைச் சேர்வதில்லை. கொடை நிகழும் இடத்தைச் சேர்கிறது. மணிமங்கலத்தின் வெற்றி கூரத்திலும் உதயேந்திரத்திலும் கிடக்க, கொப்பத்தின் வெற்றி மணிமங்கலத்தில் கிடப்பது அதனால்தான். புள்ளலூரிலும் இதுவே காட்சி: அங்கு இன்று காணத்தக்கவை 1781ஆம் ஆண்டுப் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத்தூண்களே. மகேந்திரவர்மனின் வெற்றி காசாக்குடிச் செப்பேட்டில் உள்ளது.

பதிப்பும் புதினமும்

ஹுல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் கூரம் செப்பேட்டைப் பதிப்பித்தார். 1899இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியில் மணிமங்கலக் கல்வெட்டுகள் இடம்பெற்றன. செப்பேட்டு ஊரும் இவ்வூரும் ஒன்றென இணைக்கப்பட்டபோதுதான் களம் தன் ஊருக்குத் திரும்பியது. 1928இல் ஆர். கோபாலனின் பல்லவர் வரலாறு ஆங்கிலத்திலும், 1944இல் மா. இராசமாணிக்கனாரின் பல்லவர் வரலாறு தமிழிலும் வெளிவந்தன. அதே 1944இல் கல்கி இதழில் சிவகாமியின் சபதம் தொடராகத் தொடங்கி 1946 வரை வந்தது.

தமிழ்ப் பொதுமக்கள் நெஞ்சில் மணிமங்கலத்தை நட்டது செப்பேடன்று, இப்புதினமே. இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் புதினத்தில் மகேந்திரவர்மர் உயிரோடு இருக்கையிலேயே இப்போர் நிகழ்கிறது. அவர் அக்களத்தில் காயமுறுகிறார். செப்பேடுகள் இவ்வெற்றியை நரசிம்மவர்மனுக்கே உரிமையாக்குகின்றன. தந்தையைப் பற்றி இங்கு அவை ஒன்றும் கூறவில்லை. கல்கி தம் கதையமைப்பிற்கு வேண்டியவாறு களத்தை அமைத்தது அவர் உரிமை. அதனை வரலாறாக மேற்கோள் காட்டும் கட்டுரைகளும், புதினத்தின் நிகழ்ச்சி வரிசையைச் செப்பேட்டின் மீது ஏற்றி 642 என ஆண்டிடும் பாடக்குறிப்புகளுமே திருத்தத்திற்குரியன. கிப்பனின் கற்பனையை 754ஆம் ஆண்டு நூலின் சான்றாகக் காட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

மூன்று களங்களுள் பரியளமும் சூரமாரமும் எவ்வூர்கள் என்பது இன்றுவரை உறுதியாக இனங்காணப்படவில்லை. மணிமங்கலம் மட்டும் இனங்காணப்பட்டது போரின் சிறப்பால் அன்று. சோழர் காலத்தில் இவ்வூருக்கு லோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம், இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என அரசுப் பெயர்கள் மாறி மாறிச் சூட்டப்பட்டன. கல்லில் அப்பெயர்கள் எழுதப்பட்டன. ஊரார் நாவில் மணிமங்கலமே நின்றது. அரசுப் பெயர் வென்றிருப்பின், கூரம் செப்பேட்டில் வரும் இக்களமும் மற்ற இரண்டைப் போலவே இடமறியாப் பெயராக எஞ்சியிருக்கும். தொண்டை மண்டலத்தின் ஏரி, ஊர்ப் பெயர்களைப் பழைய நிலப்பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் தேடும் களப்பணி, எஞ்சிய இரண்டிற்கும் இனிச் செய்யப்பட வேண்டியது.